வைரஸை அறியும் ஏழாம் ஏற்பி

2020 மார்ச் கடைசியிலும் ஏப்ரல் முதல் பாதியிலும் நெதர்லாந்தின் நான்கு மருத்துவமனைகளில் நான்கு இளைஞர்கள் கொரோனா தொற்றால் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டார்கள். வயது 21 முதல் 32 வரை. சர்க்கரை நோய், இதய நோய், நுரையீரல் கோளாறு என்று நாள்பட்ட நோய் எதுவும் அவர்களுக்கு இல்லை. இருந்தும் நால்வரையும் செயற்கைச் சுவாசக் கருவியில் பத்து நாள் அளவுக்கு வைக்க வேண்டியிருந்தது. ஒருவர் இறந்துபோனார். முதியவர்களையும் நோயாளிகளையும்தான் இந்த வைரஸ் கொல்லும் என்று உலகம் நம்பியிருந்த வாரங்கள் அவை. மருத்துவர்களை நிமிர்ந்து பார்க்க வைத்தது இன்னொரு செய்தி: நால்வரும் இரண்டே குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அண்ணன் தம்பியாக இரண்டு ஜோடி.

ஒரு குடும்பத்தில் இப்படி நடந்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம். இரண்டாவது குடும்பத்திலும் நடக்கும்போது மரபணுவைச் சந்தேகிக்காமல் இருக்க முடியாது. நைமேகன் நகரின் ராட்பவுட் பல்கலைக்கழக மருத்துவ மையத்தைச் சேர்ந்த குழு அந்தக் குடும்பங்களின் மரபணுக்களைப் படித்தது. விடை எக்ஸ் குரோமோசோமில் இருந்தது. ஒரு குடும்பத்தில் ஒரு மரபணுவில் நான்கு எழுத்துகள் விடுபட்டிருந்தன. அதே மரபணுவில் மற்றக் குடும்பத்துக்கு ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அதனால் அது உருவாக்கும் புரதத்தின் 795ஆவது இடத்தில் வேலினுக்குப் பதில் ஃபீனைல்அலனின் வந்து உட்கார்ந்திருந்தது. அந்த மரபணுவின் பெயர் டி.எல்.ஆர்.7. விரித்துச் சொன்னால், டோல் போன்ற ஏற்பிகளில் ஏழாவது.

டோல் என்பது பழ ஈயின் மரபணு. ஈயின் கருவில் எது முதுகு, எது வயிறு என்று தீர்மானிப்பதில் அதற்குப் பங்குண்டு என்றுதான் முதலில் தெரியவந்தது. 1996இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஜூல்ஸ் ஹாஃப்மனின் ஆய்வகம், டோல் பழுதான ஈக்கள் பூஞ்சைத் தொற்றைத் தாங்காமல் செத்துப்போவதைக் கண்டது. அடுத்த ஆண்டே யேல் பல்கலைக்கழகத்தில் ருஸ்லான் மெட்ஷிடோவும் சார்லஸ் ஜேன்வேயும் மனிதரிடம் அதன் உறவுக்கார மரபணு ஒன்று இருப்பதையும், அது நோயெதிர்ப்பைத் தூண்டுவதையும் காட்டினார்கள். 1998இல் புரூஸ் பாய்ட்லர், பாக்டீரியாவின் மேலுறைப் பொருளை எலி உணர்வது இதே குடும்பத்து ஏற்பியால்தான் என்று நிறுவினார். மனிதரிடம் இக்குடும்பத்தில் பத்து ஏற்பிகள் இருக்கின்றன. ஹாஃப்மனுக்கும் பாய்ட்லருக்கும் 2011இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஏழாவது ஏற்பியின் மரபணு 2000இல் அடையாளம் காணப்பட்டபோது, அது எதை உணர்கிறது என்று யாருக்கும் தெரியாது. முதல் தடயம் ஒரு களிம்பிலிருந்து வந்தது. இமிக்விமாட் என்ற அந்த மருந்து, வைரஸால் வரும் பிறப்புறுப்பு மருக்களுக்கு 1997இலேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றுவிட்டது. தடவிய இடத்தில் வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரான் என்ற பொருள் சுரக்கிறது, மரு மறைகிறது; எப்படி என்பது மட்டும் புரியவில்லை. 2002இல் ஒசாகாவில் ஷிசுவோ அகிராவின் குழு, டி.எல்.ஆர்.7 இல்லாத எலிகளிடம் இந்த மருந்து பலிப்பதில்லை என்று காட்டியது. ஆனால் இமிக்விமாட் மனிதர் செய்த வேதிப்பொருள். இயற்கையில் இந்த ஏற்பி காத்திருப்பது எதற்காக? 2004இல் வெவ்வேறு ஆய்வகங்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அதற்குப் பதில் சொல்லின: ஒற்றை இழை ஆர்.என்.ஏ. இன்ஃபுளூயன்சா, எச்.ஐ.வி. போன்ற வைரஸ்கள் தங்கள் மரபுச் செய்தியைச் சுமந்து வருவது இந்த இழையில்தான். பின்னாளில் வந்த கொரோனா வைரஸும் அப்படித்தான்.

இந்த இடத்தில் வாசகர் ஒரு கேள்வி கேட்க வேண்டும். கேட்காமல் நகர்ந்தால் இந்த மரபணுவின் கதையே புரியாது. நம் உடலின் ஒவ்வொரு செல்லிலும் ஒற்றை இழை ஆர்.என்.ஏ. நிறைந்து கிடக்கிறதே? டி.என்.ஏ.வின் கட்டளையைப் புரதமாக மாற்றும் வேலை முழுவதும் அதை வைத்துத்தானே நடக்கிறது? வைரஸின் ஆர்.என்.ஏ.வும் நம்முடையதும் அதே நான்கு எழுத்துகளால் ஆனவை. இரண்டையும் இந்த ஏற்பி எப்படிப் பிரித்தறிகிறது?

உண்மையில் அது பெரிதாகப் பிரித்தறிவதில்லை. அது எங்கே நிற்கிறது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. பழைய வீடுகளில் வழிப்போக்கர் வந்து உட்காரும் திண்ணை இருக்கும், உள்ளே அடுக்களை இருக்கும். திண்ணையில் இருப்பவர் வெளியாள் என்று ஊகிக்க முகம் பார்க்கத் தேவையில்லை, இடமே சொல்லிவிடும். செல்லுக்கும் அப்படியொரு திண்ணை உண்டு. வெளியிலிருந்து விழுங்கிய பொருளைச் செல் நேராக உள்ளே கொண்டுபோவதில்லை. எண்டோசோம் என்ற சிறு பையில் வைத்து, அந்தப் பையை அமிலமாக்கி, நொதிகளால் உடைக்கிறது. டி.எல்.ஆர்.7 இந்தப் பையின் சுவரில் பதிந்து, பையின் உட்பக்கம் முகம் காட்டி நிற்கிறது. நம் சொந்த ஆர்.என்.ஏ. பைக்கு வெளியே, செல்லின் உட்பகுதியில் இருக்கிறது. ஆரோக்கியமான செல்லில் அது பைக்குள் வருவது அரிது. ஆகவே பைக்குள் அகப்படும் ஆர்.என்.ஏ. எங்கிருந்தோ விழுங்கப்பட்டதாகத்தான் இருக்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டைக் காப்பதற்கு உடல் எடுத்துக்கொள்ளும் சிரமத்தைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. 1049 அமினோ அமிலங்கள் கொண்ட இந்தப் புரதம் உற்பத்தியான இடத்திலிருந்து எண்டோசோமுக்குத் தானாகப் போய்ச்சேராது. யு.என்.சி.93பி1 என்ற இன்னொரு புரதம் அதைக் கைப்பிடித்து அழைத்துப்போக வேண்டும். போய்ச்சேர்ந்த பிறகும் எண்டோசோமின் நொதிகள் அதை ஓரிடத்தில் வெட்டினால்தான் அது வேலைக்குத் தயாராகும். செல்லின் மேற்பரப்பில் வழிதவறி நின்றாலும், வெட்டப்படாத அந்த ஏற்பி ஊமையாகவே இருக்கும். உணர வேண்டிய பொருளும் முழு ஆர்.என்.ஏ. இழை அல்ல, நொதிகள் துண்டாக்கிய அதன் சில்லுகள். 2016இல் டோக்கியோ பல்கலைக்கழகக் குழு, குரங்கின் டி.எல்.ஆர்.7ஐப் படிகமாக்கி அதன் வடிவத்தை வெளியிட்டது. குதிரை லாடம் போன்று வளைந்த இரண்டு பிரதிகள் ஜோடி சேர்ந்திருந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு குழிகள். ஒரு குழியில் குவானோசின் என்ற ஒற்றை எழுத்து பொருந்துகிறது. மற்றதில் யூரிடின் எழுத்து அடங்கிய சிறு ஆர்.என்.ஏ. துண்டு பொருந்துகிறது. இரண்டும் நிரம்பினால் ஏற்பி உறுதியாக விழித்துக்கொள்கிறது. இமிக்விமாட் போன்ற மருந்துகள் முதல் குழியில்தான் போய் அமர்கின்றன.

ஏற்பி விழித்ததும் செய்தி மைடி88 என்ற புரதத்துக்குப் போய், அங்கிருந்து சங்கிலியாகக் கடத்தப்பட்டு, செல்லின் உட்கருவை எட்டுகிறது. இன்டர்ஃபெரான் மரபணுக்கள் திறக்கின்றன. இன்டர்ஃபெரான் 1957இல் லண்டனில் அலிக் ஐசக்ஸ், ஜீன் லிண்டன்மன் இருவரும் கண்டறிந்த பொருள். கோழி முட்டைச் சவ்வில் செயலிழந்த இன்ஃபுளூயன்சா வைரஸை இட்டபோது, அந்தச் சவ்வு ஏதோ ஒன்றைச் சுரந்து புதிய வைரஸ் வளராமல் தடுத்தது. இன்டர்ஃபெரான் தானாக வைரஸைக் கொல்வதில்லை. சுற்றியிருக்கும் செல்களில் நூற்றுக்கணக்கான மரபணுக்களை இயக்கி, வைரஸ் உள்ளே வந்தாலும் பெருக முடியாத நிலையை ஏற்படுத்துகிறது.

டி.எல்.ஆர்.7 எல்லாச் செல்களிலும் இருப்பதில்லை. அது மிகுந்திருக்கும் செல்லுக்குப் பிளாஸ்மசைட்டாய்டு டென்ட்ரிட்டிக் செல் என்று பெயர். இரத்தத்தின் வெள்ளையணுக்களில் நூற்றில் ஒன்றுகூடத் தேறாத சிறுபான்மை இது. இன்டர்ஃபெரான் சுரப்பதிலோ மற்ற எந்தச் செல்லும் இதன் அருகில் வர முடியாது. கொரோனா வைரஸ் விஷயத்தில் இந்தச் செல்லின் தனிச்சிறப்பு ஒன்று வெளிப்பட்டது. அந்த வைரஸ் நுரையீரல் செல்லுக்குள் நுழைந்ததும் அங்கே இன்டர்ஃபெரான் உற்பத்தியை முடக்குவதற்கென்றே பல புரதங்களை வைத்திருக்கிறது. தொற்றிய செல் அபயக்குரல் எழுப்ப நினைத்தாலும் குரல்வளை நெரிக்கப்படுகிறது. பிளாஸ்மசைட்டாய்டு செல்லுக்குள் வைரஸ் பெருகத் தேவையில்லை. விழுங்கினாலே போதும், டி.எல்.ஆர்.7 உணர்ந்துவிடும். வைரஸின் முடக்கும் புரதங்கள் உருவாவதற்கு முன்பே இன்டர்ஃபெரான் கிளம்பிவிடுகிறது. நெதர்லாந்து இளைஞர்களிடம் பழுதாகியிருந்தது இந்த வழி.

நான்கு பேரை வைத்து முடிவு கட்ட முடியாது என்று சந்தேகப்பட்டவர்கள் இருந்தார்கள், நியாயமான சந்தேகம்தான். 2021இல் ழான்-லோரன் கசனோவா முன்னின்ற பன்னாட்டுக் குழு, உயிருக்கு ஆபத்தான நிலைக்குப் போன 1202 ஆண்களின் மரபணுக்களைப் பார்த்தது. 16 பேரிடம் டி.எல்.ஆர்.7 செயலிழந்திருந்தது. தொற்று வந்தும் அறிகுறியின்றியோ லேசாகவோ தப்பிய 331 ஆண்களில் ஒருவரிடமும் அப்படி இல்லை. அறுபது வயதுக்குக் கீழ்ப்பட்ட ஆண்களில் மிகக் கடுமையான கொரோனா நிமோனியாவுக்கு ஆளானோரில் ஏறத்தாழ 1.8 விழுக்காட்டினருக்கு இதுவே காரணம் என்று அவர்கள் கணித்தார்கள். சிறிய எண்போலத் தோன்றும். ஆனால் எத்தனை லட்சம் பேர் அந்த நிலைக்குப் போனார்கள் என்று நினைத்துப் பார்த்தால், இத்தனை பேரின் உயிராபத்துக்கு ஒற்றை மரபணு விளக்கம் தருவது அபூர்வம். அதே குழு முந்தைய ஆண்டில் வெளியிட்ட இன்னொரு முடிவும் இதே திசையைக் காட்டியது: கடுமையாக நோயுற்ற 987 பேரில் 101 பேரின் இரத்தத்தில் தங்கள் சொந்த இன்டர்ஃபெரானையே செயலிழக்கச் செய்யும் எதிர்ப்பொருள்கள் இருந்தன. அவர்களில் 95 பேர் ஆண்கள். காரணம் வேறு என்றாலும் விளைவு ஒன்றே, இன்டர்ஃபெரான் உரிய நேரத்தில் வேலை செய்யவில்லை.

என்னை மிகவும் யோசிக்க வைப்பது அந்த இளைஞர்களின் முந்தைய வாழ்க்கை. அதுவரை அவர்கள் நலமாகவே இருந்தார்கள். சளி, காய்ச்சல் எல்லாரையும்போல் வந்து போயிருக்கும். உடலில் வைரஸை உணர வேறு வழிகளும் உண்டு, பழகிய வைரஸ்களுக்கு எதிர்ப்பொருள்களும் உண்டு, அவை ஈடுகட்டியிருக்கும். எவரும் முன்னர் சந்தித்திராத ஒரு வைரஸ் வந்த பிறகுதான் அந்தக் குறை உயிருக்கு விலை வைத்தது.

பாதிக்கப்பட்டவர்கள் ஏன் ஆண்கள்? டி.எல்.ஆர்.7 இருப்பது எக்ஸ் குரோமோசோமில். ஆணுக்கு அது ஒன்றுதான். அந்த ஒரு பிரதி பழுதானால் மாற்று கிடையாது. பெண்ணுக்கு இரண்டு. பழுதான பிரதியைத் தாய் சுமந்தாலும் நல்ல பிரதி அவரைக் காக்கிறது, மகனுக்கோ பாதிக்குப் பாதி வாய்ப்பில் பழுது போய்ச்சேர்கிறது. இரண்டு எக்ஸ் இருப்பதால் பெண்ணிடம் புரதங்கள் இரட்டிப்பாகிவிடாதபடி, ஒவ்வொரு செல்லும் ஒரு எக்ஸை அடக்கிவைக்கிறது. 1961இல் மேரி லயன் முன்வைத்த கருத்து இது. சில மரபணுக்கள் மட்டும் அந்த அடக்குமுறைக்குத் தப்பிவிடுகின்றன. துலூஸ் நகர ஆய்வாளர்கள் 2018இல் காட்டியபடி, டி.எல்.ஆர்.7 அவற்றில் ஒன்று. பெண்களின் நோயெதிர்ப்புச் செல்களில் ஒரு பகுதியில் அதன் இரண்டு பிரதிகளும் இயங்குகின்றன. இந்த ஏற்பியைத் தூண்டினால் பெண்களின் செல்கள் ஆண்களின் செல்களைவிட அதிக இன்டர்ஃபெரான் சுரப்பதும் அதற்கு முன்பே அறியப்பட்டிருந்தது.

அதிக விழிப்பு நல்லதுதானே என்று தோன்றும். அதன் விலையை லூபஸ் நோயாளிகளிடம் கேட்க வேண்டும். மூக்கின் இருபுறமும் கன்னத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவில் சிவந்த தடிப்பு, மூட்டு வலி, ஓயாத சோர்வு, பலருக்குச் சிறுநீரகச் சேதம். உடல் தன்னைத்தானே தாக்கும் இந்த நோய் ஒரு ஆணுக்கு வந்தால் ஒன்பது பெண்களுக்கு வருகிறது. அதுவும் பெரும்பாலும் இளம் வயதில். இறந்த செல்களின் குப்பை சரியாக அகற்றப்படாமல் தேங்கும்போது, அதிலுள்ள சொந்த ஆர்.என்.ஏ.வோடு எதிர்ப்பொருள்கள் ஒட்டிக்கொள்கின்றன. அந்தக் கட்டியைச் செல் விழுங்குகிறது, நம் ஆர்.என்.ஏ. எண்டோசோமுக்குள் வந்துசேர்கிறது. அங்கே டி.எல்.ஆர்.7 அதை வைரஸாகவே எடுத்துக்கொள்கிறது. இன்டர்ஃபெரான் சுரக்கிறது, அது மேலும் டி.எல்.ஆர்.7ஐ உற்பத்தி செய்ய வைக்கிறது; மேலும் எதிர்ப்பொருள்கள் வருகின்றன. வராத வைரஸுக்கு எதிராக ஆண்டுக்கணக்கில் போர் நடக்கிறது.

இதற்கு எலி ஒன்று நெடுநாளாகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. பி.எக்ஸ்.எஸ்.பி. என்ற ஆய்வக எலி இனத்தில் லூபஸ் போன்ற நோய் ஆண் எலிகளையே முன்னதாகவும் கடுமையாகவும் தாக்கும், மனிதருக்கு நேர்மாறாக. நோயைத் தூண்டுவது ஒய் குரோமோசோமில் இருக்கிறது என்று 1970களின் முடிவிலேயே தெரிந்துவிட்டது. அது என்ன என்பது 2006இல்தான் புலப்பட்டது. எக்ஸ் குரோமோசோமின் ஒரு துண்டு பிய்ந்து ஒய்யில் ஒட்டியிருந்தது. அந்தத் துண்டில் டி.எல்.ஆர்.7 இருந்தது. ஆண் எலிக்கு இரண்டு பிரதிகள் கிடைத்துவிட்டன, அதுவே பெரும்பாலும் நோயாயிற்று. கூடுதல் பிரதியை நீக்கினால் நோய் தணிந்தது. மனிதரில் இதற்கு இணையான செய்தி, எக்ஸ்எக்ஸ்ஒய் என்ற அமைப்போடு பிறக்கும் ஆண்களிடமிருந்து வருகிறது. மற்ற ஆண்களோடு ஒப்பிட்டால் அவர்களுக்கு லூபஸ் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 14 மடங்கு. அதாவது பெண்களுக்கு நிகர்.

2022இல் கரோலா வினுவெசாவின் குழு கடைசிச் சந்தேகத்தையும் நீக்கியது. ஏழு வயதிலேயே கடும் லூபஸ் கண்டறியப்பட்ட ஒரு சிறுமியின் டி.எல்.ஆர்.7இல் 264ஆவது இடத்தில் டைரோசினுக்குப் பதில் ஹிஸ்டிடின் இருந்தது. இந்த மாற்றத்தால் ஏற்பி குவானோசினுக்கு மிதமிஞ்சிக் கூர்மையாகிவிட்டது. அதே ஓர் எழுத்து மாற்றத்தை எலியில் செய்தார்கள். எலிக்கும் லூபஸ் வந்தது. நெதர்லாந்தில் ஓர் எழுத்து மாறி ஏற்பி ஊமையானது, இங்கே ஓர் எழுத்து மாறி அது ஓயாமல் கத்துகிறது. ஒரே மரபணுவுக்குள் இவ்வளவு குறுகிய தூரத்தில் இரண்டு நோய்களும் இருப்பதை அறியும்போது, நாம் நலமாக இருப்பதே எவ்வளவு நுட்பமான அளவின்மேல் நிற்கிறது என்று உறைக்கிறது.

இந்த ஏற்பியை அறிந்தோ அறியாமலோ மனிதர் நெடுநாளாகக் கையாண்டு வந்திருக்கிறார்கள். லூபஸ் நோயாளிகள் பல பத்தாண்டுகளாக விழுங்கிவரும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் எண்டோசோமில் சேர்ந்து, அங்கே டி.எல்.ஆர்.7 ஆர்.என்.ஏ.வை உணர்வதைத் தடுக்கிறது. அது பலன் தருவதற்கு இது முக்கியக் காரணம் என்று கருதப்படுகிறது. 2020இல் இதே மாத்திரையை இந்தியாவில் சுகாதாரப் பணியாளர்களுக்குக் கொரோனா தடுப்பாகப் பரிந்துரைத்தார்கள். டி.எல்.ஆர்.7 பற்றி மேலே பார்த்ததை வைத்து யோசித்தால், அந்த நம்பிக்கைக்கு எதிராகவும் ஒரு காரணம் அப்போதே இருந்தது. பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு, மருத்துவமனையில் சேர்ந்த நோயாளிகளின் உயிரை அது காக்கவில்லை என்று அந்த ஆண்டு ஜூன் மாதமே அறிவித்துவிட்டது.

தடுப்பூசிகளின் கதை இன்னும் சுவையானது. ஆய்வகத்தில் செய்த தூது ஆர்.என்.ஏ.வை உடலில் செலுத்தினால் அழற்சி பொங்கியெழுவது, தொண்ணூறுகளில் இத்துறையையே முடக்கிய தடை. கட்டலின் கரிகோவும் ட்ரூ வைஸ்மனும் ஒன்றைக் கவனித்தார்கள். பாலூட்டிகளின் சொந்த ஆர்.என்.ஏ.வில் பல எழுத்துகள் வேதியியல் முறையில் சற்றுத் திருத்தப்பட்டிருக்கின்றன, அது அவ்வளவாக அழற்சியைக் கிளப்புவதில்லை. யூரிடினுக்குப் பதில் சூடோயூரிடின் போன்ற திருத்திய எழுத்தை வைத்தால் டி.எல்.ஆர்.7, டி.எல்.ஆர்.8 போன்ற ஏற்பிகள் அசையாமல் இருக்கும் என்று 2005இல் வெளியிட்டார்கள். ஃபைசர், மாடர்னா தடுப்பூசிகள் இதன்மீது எழுந்தவை. 2023இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஹைதராபாத்தில் பாரத் பயோடெக் தயாரித்த கோவேக்சின் நேர் எதிர் வழியில் போனது. கொல்லப்பட்ட வைரஸோடு அல்ஹைட்ராக்சிகுவிம் என்ற துணைப்பொருளைச் சேர்த்தார்கள். டி.எல்.ஆர்.7, டி.எல்.ஆர்.8 இரண்டையும் தட்டி எழுப்பி எதிர்ப்புத்திறனைக் கூட்டுவதே அதன் வேலை. அதே பெருந்தொற்றுக்கு எதிராக ஒரு தடுப்பூசி இந்த ஏற்பியின் கண்ணில் படாமல் ஒளிந்தது, இன்னொன்று வேண்டுமென்றே அதைக் கிள்ளியது. இரண்டுமே தமிழ்நாட்டில் பலர் பெயரளவில் அறிந்தவை; கோவேக்சினை நம்மில் எத்தனையோ பேர் கையில் போட்டுக்கொண்டோம்.

இப்போது லூபஸுக்காக டி.எல்.ஆர்.7ஐயும் டி.எல்.ஆர்.8ஐயும் சேர்த்து அடக்கும் மாத்திரைகள், என்படோரான், அஃபிமெட்டோரான் என்ற பெயர்களில் மனிதரிடம் சோதிக்கப்பட்டு வருகின்றன. இன்டர்ஃபெரானின் ஏற்பியை அடைக்கும் அனிஃப்ரோலுமாப் என்ற ஊசி 2021இலேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றது; அதைப் போட்டுக்கொள்பவர்களுக்கு அக்கி சற்றுக் கூடுதலாக வருகிறது. உடலில் உறங்கிக்கிடந்த சின்னம்மை வைரஸ் மீண்டும் தலைதூக்குவதுதான் அக்கி என்பதால், இது எதிர்பார்த்திருக்கக்கூடிய விளைவே. டி.எல்.ஆர்.7ஐ முழுவதும் அடைத்தால் லூபஸ் உள்ள ஒரு பெண், நெதர்லாந்து சகோதரர்கள் இருந்த நிலைக்குப் போகிறாள். போதாமல் அடைத்தால் சிறுநீரகம் போகிறது. ஆகவே இந்தச் சோதனைகளில் மூட்டு வலி எவ்வளவு குறைந்தது என்பதோடு, மருந்து எடுப்பவர்களுக்குச் சளியும் காய்ச்சலும் எப்படி வந்துபோகின்றன என்பதையும் மருத்துவர்கள் எண்ணிக்கொண்டிருக்க வேண்டும்.